புகையில் பிறக்கும் பாட்டு

கிளீவ்லாந்து என்ற பெயரைக் கேட்டதும் நம் ஊர்ச் சங்கீத ரசிகைகளுக்கு நினைவு வருவது தியாகராஜ ஆராதனைதான். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில், ஏரிக்கரையில் இருக்கிறது அந்த ஊர். 1978-ஆம் ஆண்டு ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சில குடும்பங்கள் கூடி ஆரம்பித்த ஆராதனை, பல நாள் நடக்கும் பெரிய திருவிழாவாகி விட்டது. ஈஸ்டரை ஒட்டி, அங்கே பனி உருகத் தொடங்கும் சமயத்தில், இங்கிருந்து வித்வான்களும் விதுஷிகளும் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். அந்தப் பக்கத்தில் பெண்ணையோ பிள்ளையையோ வைத்திருக்கும் மாமிகளும் கூடவே கிளம்புவார்கள்.

அப்படிப் போய்த் திரும்பிய எங்கள் தெரு மாமி ஒருவர், எப்போதோ வாங்கிக்கொண்டு போன ஊறுகாய் ஜாடியைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் வந்து உட்கார்ந்தார். கச்சேரிகளைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்ன பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏண்டியம்மா, நீ பத்திரிகையிலே எழுதறவளாச்சே, உனக்குத் தெரியுமோ? அந்த ஊரிலே பாட்டுக்கும் கூத்துக்கும் சிகரெட் பிடிக்கிறவாதான் காசு கொடுக்கறாளாம்!"

"யார் சொன்னது, மாமி?"

"வேறே யாரு? எங்காத்து மாப்பிள்ளைதான். 'ஏன் இந்தச் சனியனை விட மாட்டேங்கறேள்?'ன்னு கேட்டேன். பனியிலே வாசல்லே நின்னு ஊதிண்டே, 'நான் பிடிக்கிற ஒவ்வொரு சிகரெட்டும் கலைக்குப் பண்ற கைங்கரியம், மாமி'ங்கறார். பொய்யா, நிஜமா?"

மாப்பிள்ளைகள் சிகரெட் விஷயத்தில் சொல்கிற சமாதானங்களை அப்படியே நம்பி விடக்கூடாது. ஆகவே விசாரித்துப் பார்த்தேன். ஆச்சரியம்! மாப்பிள்ளை சொன்னது முழுக்க முழுக்க நிஜம். ஆராதனை நடத்துகிறவர்களின் கணக்கு வேறு. நான் சொல்வது அந்த ஊர்க் கணக்கு. கிளீவ்லாந்து இருக்கும் கயாஹோகா மாவட்டத்தில் 2007-ஆம் ஆண்டிலிருந்து, சிகரெட் வரியில் ஒரு பகுதி நேராகக் கலைகளுக்கென்று போய்ச் சேருகிறது. வாத்திய கோஷ்டி, நாடகக் கொட்டகை, சித்திரசாலை, பேட்டைத் திருவிழா எல்லாவற்றுக்கும் அதிலிருந்து மானியம்.

இது எப்படி வந்தது? யார் யோசனை? புகைக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

டிக்கெட் காசு ஏன் போதாது?

முதலில் ஒரு நியாயமான சந்தேகம் எழும். பாட்டுக் கேட்கிறவர்கள் டிக்கெட் வாங்கட்டுமே. அதற்கு ஊரார் ஏன் வரி கொடுக்க வேண்டும்?

இதற்கு 1966-இல் வில்லியம் பௌமல், வில்லியம் பொவன் என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். அதை நம் சமையலறைக்குக் கொண்டு வந்து பார்த்தால் சுலபமாக விளங்கும். பாட்டி காலத்தில் அம்மியில் அரை மணி அரைத்த சட்னியை இன்று மிக்ஸி அரை நிமிஷத்தில் அரைத்து விடுகிறது. துணி துவைப்பதும் அப்படியே. எல்லாக் காரியங்களிலும் கை வேலை குறைந்து கொண்டே போகிறது. ஆனால் நாலு பேர் சேர்ந்து வாசிக்க வேண்டிய ஒரு வாத்திய உருப்படிக்கு இருநூறு வருஷத்துக்கு முன்னும் நாலு பேர்தான்; இன்றும் நாலு பேர்தான். அரை மணி வாசிக்க வேண்டியதைப் பத்து நிமிஷத்தில் வாசித்து முடித்தால் யார் கேட்பார்கள்? ஆனால் அந்த நாலு பேருக்கும் அரிசி பருப்பு இன்றைய விலையில்தானே வாங்க வேண்டும்! மற்றத் தொழில்களில் கூலி ஏற ஏற, இவர்களுக்கும் ஏற்றித்தான் ஆக வேண்டும். ஆகவே கலைக்கு ஆகும் செலவு ஏறிக்கொண்டே போகும். டிக்கெட் வரும்படி அதற்கு ஈடு கொடுக்காது. இடையில் விழும் பள்ளத்தை யாராவது நிரப்பித்தான் தீர வேண்டும். முன்பு ராஜாக்கள் நிரப்பினார்கள். பிறகு பணக்காரர்கள் நிரப்பினார்கள்.

கிளீவ்லாந்திலும் பணக்காரர்கள்தான் நிரப்பினார்கள். எஃகு, எண்ணெய், கப்பல் என்று கொழித்த ஊர் அது. 1916-இல் அங்கே திறந்த சித்திரசாலைக்கு இன்றும் நுழைவுக் கட்டணம் கிடையாது. 1918-இல் தோன்றிய வாத்திய கோஷ்டி உலகத்தின் தலைசிறந்த நாலைந்தில் ஒன்று என்று பேர் வாங்கியது. 1915-இல் ஆரம்பமான 'கராமு இல்லம்' கறுப்பு மக்களின் நாடகங்களை வளர்த்த அரங்கங்களில் நாட்டிலேயே மூத்தது.

பிறகு ஊருக்குச் சனி பிடித்தது. ஆலைகள் மூடின. 1950-இல் ஒன்பது லட்சத்துக்கு மேல் இருந்த ஜனத்தொகை, 2020-இல் நாலு லட்சத்துக்கும் கீழே இறங்கி விட்டது. 1969-இல் ஊரின் நடுவே ஓடும் நதியில் மிதந்த எண்ணெய்க் கழிவு தீப்பிடித்து எரிந்ததை உலகமே படித்துச் சிரித்தது. 1978 டிசம்பரில் நகரசபை வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் கையை விரித்தது. (நம்மவர்கள் ஆராதனை ஆரம்பித்ததும் அதே வருஷம் என்பதைப் பாருங்கள்!) பெரிய மனுஷர்கள் பலர் ஊரை விட்டுப் போனார்கள். அவர்கள் கட்டிய அரங்கங்கள் மட்டும் நின்றன. பெரிய வீட்டில் வாழ்ந்து கெட்ட குடும்பத்தைப் பார்த்திருப்பீர்களே: தேக்குத் தூண்கள் இருக்கும், வெள்ளையடிக்கக் காசு இராது. அந்தக் கதைதான்.

எந்தப் பையிலிருந்து?

1997-இல் இதைப் பற்றி யோசிக்கவென்றே அங்கே ஓர் அமைப்பு தோன்றியது. கலைஞர்கள், சபாக்காரர்கள், பொதுஜனங்கள் எல்லோருடனும் கலந்து பேசி 2000-ஆம் ஆண்டில் ஒரு திட்டம் தயாரித்து வெளியிட்டார்கள். திட்டத்தின் உயிர்நாடி ஒன்றுதான்: வருஷா வருஷம் கையேந்தாமல், கலைகளுக்கென்று நிரந்தரமாக ஒரு பொதுப் பணம் வேண்டும்.

சரி, எந்தப் பணம்?

குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். பெண்ணுக்குப் பாட்டு வாத்தியார் வைக்க வேண்டும் என்பதில் வீட்டில் தகராறு வராது. அந்தச் சம்பளத்தைப் பால் கணக்கிலிருந்து எடுப்பதா, அவருடைய காப்பிக் கிளப்புக் கணக்கிலிருந்து எடுப்பதா என்பதில்தான் வரும்.

முதலில் வீட்டு வரியில் கை வைத்துப் பார்த்தார்கள். தொழில் வளர்ச்சிக்கும் கலைக்கும் சேர்த்து, வீடு நிலம் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கட்டும் என்று 2004 மார்ச் மாதம் ஜனங்களிடம் வோட்டுக் கேட்டார்கள். அந்த நாட்டில் இம்மாதிரி வரி போட வேண்டுமானால் ஜனங்கள் வோட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். ஜனங்கள் சம்மதிக்கவில்லை. தோல்வி.

இரண்டு வருஷம் கழித்துப் பெட்டிக்கு 30 சென்ட் என்று சிகரெட் வரி கேட்டார்கள். பெட்டியில் இருபது சிகரெட். சிகரெட்டுக்கு ஒன்றரை சென்ட். பத்து வருஷத்துக்கு. 2006 நவம்பர் 7-ஆம் தேதி வோட்டெடுப்பு, வென்றது.

ஏன் வென்றது என்று கேட்பானேன்! வீடு எல்லோரிடமும் இருக்கிறது. சிகரெட் எல்லோரிடமும் இல்லை. புகைக்காதவர்கள் அதிகம். மற்றவன் பையில் கை விடுகிற வரிக்கு ஆதரவு தேடுவது சுலபம். 'கெட்ட பழக்கத்துக்குத்தானே வரி, கொடுக்கட்டும்' என்ற எண்ணம் வேறு. இதில் இன்னொரு வேடிக்கை. அதே நாள், அதே வோட்டுச் சீட்டில், ஒஹையோ ஜனங்கள் மற்றொரு சட்டத்தையும் நிறைவேற்றினார்கள்: பொது இடங்களிலும் வேலை செய்கிற இடங்களிலும் உள்ளே யாரும் புகைக்கக் கூடாது! ஆக, ஒரே நாளில் ஒரு கையால் 'சிகரெட் பிடிக்காதே' என்று வாசலுக்கு விரட்டினார்கள். மறு கையால் 'நீ பிடித்தால்தான் எங்கள் வாத்திய கோஷ்டி வாசிக்கும்' என்று காசு வாங்கினார்கள்.

மாமியின் மாப்பிள்ளை பனியில் நிற்பதும், நின்று கொண்டே கைங்கரியம் செய்வதும் இப்படித்தான் ஏற்பட்டது.

அந்த ஊர்ச் சிகரெட்டுக்காரர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்லி விட வேண்டும். கலைக்கு மட்டுமல்ல, விளையாட்டுக்கும் அவர்கள்தான் படியளக்கிறார்கள். பேஸ்பால் மைதானமும் கூடைப்பந்து அரங்கமும் கட்டுவதற்காக 1990-இல் சிகரெட்டுக்கும் மதுவுக்கும் ஒரு வரி போட்டார்கள். அதையும் நீட்டிக்கொண்டே வருகிறார்கள்; 2014-இல் இன்னும் இருபது வருஷத்துக்கு நீட்டினார்கள். ஒரு பெட்டி சிகரெட் வாங்குகிறவன் பந்தாட்டத்துக்கும் கொடுக்கிறான், பாட்டுக்கும் கொடுக்கிறான். இரண்டையும் பார்க்கப் போக அவனுக்கு நேரமும் காசும் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

அதுதான் எனக்கு நெருடுகிறது. அமெரிக்காவின் பெரிய நகரங்களுக்குள் மிகவும் ஏழைப்பட்டவற்றில் கிளீவ்லாந்து ஒன்று. புகைப்பவர்கள் அங்கே மற்ற ஊர்களைவிட அதிகம், ஏழைகளில்தான் அதிகம். பட்டுப் பாவாடை சரசரக்க, கார் வைத்துக்கொண்டு கச்சேரிக்கு வருகிற சீமாட்டியின் ஆசனத்துக்கு, எங்கோ ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறவனின் ஒன்றரை சென்ட் முட்டுக் கொடுக்கிறது. மூட்டை தூக்குகிறவனுக்கு அதில் என்ன பங்கு? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது வரி போட்டவர்கள் அல்ல. வந்த பணத்தைப் பங்கு போட்டவர்கள்.

பந்தியில் யார் யார்?

பங்கு போடுவதற்கு மாவட்ட நிர்வாகம் ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவை நியமித்தது. முதல் வருஷங்களில் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட இரண்டு கோடி டாலர் வந்தது. லேசான தொகை அல்ல. பணம் வருகிறது என்று தெரிந்தால் தூரத்து உறவெல்லாம் நெருங்கி வரும் என்பது எல்லாக் குடும்பத்திலும் உள்ளதுதானே! ஆகவே பங்கு போடும் முறையை ஜாக்கிரதையாகத்தான் வகுத்தார்கள்.

பந்தி இரண்டாகப் பிரிந்தது. பல வருஷமாக நடந்து வரும் ஸ்தாபனங்களுக்கு நடைமுறைச் செலவுக்கென்று மானியம். வாடகை, மின்சாரம், சம்பளம் எதற்கு வேண்டுமானாலும் செலவிடலாம். கலை உலகத்தில் இப்படிப்பட்ட பணம் கிடைப்பது அபூர்வம். புது மண்டபம் கட்ட, பெயர் பொறிக்கப் பணம் தருகிற புண்ணியவான்கள் உண்டு. மண்டபத்தில் எரிகிற விளக்குக்கு யார் தருவார்கள்? இரண்டாவது பந்தி சிறியவர்களுக்கு. ஒரு நாடகம், ஒரு திருவிழா, பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு என்று குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும் உதவி. ஐயாயிரம் டாலர் வரை சிறு தொகைகள்கூட உண்டு. ஆனால் 'நாங்கள் ஒரு டாலர் கொடுத்தால் நீங்களும் ஒரு டாலர் தேட வேண்டும்' என்ற நிபந்தனையும் கூட வந்தது.

பெரிய ஸ்தாபனங்களுக்குத் தொகையைக் கணக்கிட ஒரு சூத்திரம் வைத்தார்கள். வரவு செலவு பெரிதாக ஆக, அதில் மானியத்தின் விகிதம் குறையும். சின்னக் கொட்டகைக்கு அதன் செலவில் கணிசமான பகுதி கிடைக்கும். பெரிய வாத்திய கோஷ்டிக்குக் கொஞ்சமே கிடைக்கும். அப்படியும் அந்தக் 'கொஞ்சம்' ஆரம்ப காலத்தில் வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் இருந்தது. யானை இளைத்தாலும் யானைதானே!

விண்ணப்பங்களுக்கு மார்க் போட்டவர்களைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். உள்ளூர்க்காரர்களை அதில் உட்கார்த்தவில்லை. வெளியூர்களிலிருந்து கலைத் துறையில் அநுபவம் உள்ளவர்களை வரவழைத்தார்கள். 'இன்னார் எனக்குச் சம்பந்தி, இன்னார் என் பெண்ணின் நாட்டிய வாத்தியார்' என்ற தாட்சண்யம் வராது அல்லவா? அது மட்டுமல்ல, அவர்கள் பேசி முடிவு செய்வதையும் கதவைச் சாத்திக்கொண்டு செய்யவில்லை. விண்ணப்பம் போட்டவர்கள் வந்து உட்கார்ந்து கேட்கலாம். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. தன் பெண்ணைப் பற்றிப் பெண் பார்க்க வந்தவர்கள் பேசுவதை அடுக்களையிலிருந்து மௌனமாகக் கேட்கிற தாயாரின் நிலைமைதான்! கஷ்டமான நிலைமை, ஆனாலும் அடுக்களைக் கதவு சாத்தியிருப்பதைவிட மேல்.

நம் ஊரில் சபாக்களின் 'சான்ஸ்' விவகாரத்தைப் பற்றிப் புலம்புகிறவர்களைத் தினம் கேட்கிறேன். யாருக்கு ஏன் கிடைத்தது, யாருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று ஒருவரும் வெளியே சொல்வதில்லை. கேட்க வேண்டிய காதுகளுக்கு இது எட்டுமானால் நல்லது.

பந்திக்கு வெளியே நின்றவர்கள்

ஆனால் இத்தனை கவனமாக வகுத்த திட்டத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. மானியம் எல்லாம் ஸ்தாபனங்களுக்கு. வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து படம் எழுதுகிறவள், தனியாகக் கவிதை எழுதுகிறவன், இவர்களுக்கு? தனி மனிதர்களின் பெயருக்கு நேரே காசோலை எழுதுவதில்லை. இடையில் ஓர் அமைப்பை வைத்து, வருஷத்துக்குச் சில கலைஞர்களைப் பொறுக்கி, ஆளுக்குப் பல ஆயிரம் டாலர் கொடுத்து வந்தார்கள். 2016-இன் இறுதியில் அதை நிறுத்தப் போவதாகச் செய்தி வந்ததும் கலைஞர்கள் கொதித்து எழுந்தார்கள். குழுவின் கூட்டங்களுக்குத் திரளாக வந்து கேள்வி கேட்டார்கள். 'கலைக்கு என்று ஜனங்களிடம் வோட்டு வாங்கினீர்கள். கலைஞன் இல்லாத கலை எது?' என்பதுதான் அவர்கள் கேட்டதன் சாரம்.

அதோடு இன்னொரு கேள்வியும் எழுந்தது. ஊரில் ஏறக்குறையப் பாதிப் பேர் கறுப்பு மக்கள். அவர்களுக்கும் லத்தீன் அமெரிக்க வமிசத்தாருக்கும் இந்தப் பணத்தில் எவ்வளவு போய்ச் சேருகிறது? மூட்டை தூக்குகிறவனின் ஒன்றரை சென்ட் என்று சொன்னேனே, அந்தக் கேள்வியேதான், வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது. கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு மறுபடியும் திட்டம் போட்டார்கள். பிறகு ஒரே அமைப்பின் கையில் கொடுக்காமல், அந்தந்த ஜனங்களுக்கு நெருக்கமான பல அமைப்புகள் மூலம் கலைஞர்களுக்கு உதவி போகும்படி மாற்றினார்கள். மனஸ்தாபம் முற்றிலும் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். பங்கு பிரித்த வீட்டில் மனஸ்தாபம் எப்போது முற்றிலும் தீர்ந்திருக்கிறது?

மற்ற ஊர்க்காரர்கள்

புகையை நம்பாத ஊர்களும் உண்டு. அவர்கள் பாடு எப்படி?

ஸான்பிரான்சிஸ்கோ நகரம் 1961-இலேயே வழி கண்டுபிடித்தது. ஊர் பார்க்க வருகிறவர்கள் ஹோட்டல் அறைக்குக் கொடுக்கும் வரியில் ஒரு பகுதியைக் கலைக்கு ஒதுக்கினார்கள். சொந்த ஜனங்கள் சல்லிக் காசு கொடுக்க வேண்டாம். விருந்தாளி கொடுத்துவிட்டுப் போவான். மகா புத்திசாலித்தனம் என்று எல்லோரும் மெச்சினார்கள். 2020-இல் கொரோனா வந்து ஹோட்டல் அறைகள் காலியாகக் கிடந்தபோது, மெச்சியவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். கொட்டகைகள் மூடிக் கிடந்து கலைஞர்களுக்குப் பணம் மிகவும் தேவைப்பட்ட அதே சமயத்தில் வரும்படி விழுந்து விட்டது.

போர்ட்லாந்து நகரத்தார் நேர்மையாக வாசற்படியில் வந்து நின்று கேட்டார்கள். 2012-இல் வோட்டு வாங்கி, சம்பாதிக்கிற ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு 35 டாலர் கலை வரி என்று விதித்தார்கள். பரம ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. முதலில் ஆரம்பப் பள்ளிகளில் பாட்டு, சித்திர வாத்தியார்களுக்குச் சம்பளம். மிச்சம் இருப்பது கலை ஸ்தாபனங்களுக்கு மானியம். பிள்ளைகளுக்குப் பாட்டு வாத்தியார் கிடைத்தார்கள். அந்த மட்டும் நல்ல காரியம். ஆனால் லட்சாதிபதிக்கும் 35, தையல்காரிக்கும் 35 என்றால் முணுமுணுப்பு எழாமல் இருக்குமா? கோர்ட்டுக்குப் போனார்கள். 2017-இல் மாநில உச்ச நீதிமன்றம் வரி செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. இருந்தும் பலர் கட்டாமலே இருந்தார்கள். வாத்தியார் சம்பளம் போக மிச்சம் என்று கலை ஸ்தாபனங்கள் எதிர்பார்த்தது பல வருஷங்கள் சொற்பமாகவே வந்தது.

எனக்குப் பிடித்தது டென்வர்க்காரர்களின் வழி. 1982-இல் மாநில அரசாங்கம் அங்கே அருங்காட்சியகம், மிருகக் காட்சிசாலை, பூங்கா எல்லாவற்றுக்கும் கொடுத்து வந்த பணத்தை நிறுத்தி விட்டது. நுழைவுக் கட்டணத்தை ஏற்றி ஒப்பேற்றிப் பார்த்தார்கள், முடியவில்லை. 1988-இல் நகரமும் சுற்று வட்டார மாவட்டங்களும் சேர்ந்து ஜனங்களைக் கேட்டன: கடையில் வாங்கும் பத்து டாலர் சாமானுக்கு ஒரே ஒரு சென்ட். எல்லோரும் கொடுப்பது, அதிகம் வாங்குகிறவர் அதிகம் கொடுப்பது. யாருக்கும் உறைக்காது. ஜனங்கள் பெருவாரியாகச் சம்மதித்தார்கள். 1994, 2004, 2016 என்று மூன்று முறை நீட்டியும் கொடுத்தார்கள். அந்த ஒற்றை சென்ட் சேர்ந்து சேர்ந்து வருஷத்துக்கு ஆறு கோடி டாலரைத் தாண்டியது. அஞ்சறைப் பெட்டியில் சில்லறை சேர்த்து வளையல் வாங்கின நம் பாட்டிகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்லியே கொடுக்க வேண்டாம்.

டென்வரிலும் சண்டை இல்லாமல் இல்லை. பணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஐந்தே ஐந்து பெரிய ஸ்தாபனங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான சிறு குழுக்களுக்கு மிஞ்சியது நூற்றுக்குப் பதினைந்துக்கும் குறைவு என்று குமுறல். 2016-க்கு முன் அதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்து, சிறியவர்களின் பங்கு ஒரு துளி ஏறியது. துளிதான். ஆனால் அங்கே ஒரு நல்ல பழக்கம் உண்டு: வரிப் பணம் வாங்கும் பெரிய ஸ்தாபனங்கள் சில நாட்களில் கட்டணம் இல்லாமல் கதவைத் திறந்து விட வேண்டும். ஒற்றை சென்ட் கொடுத்தவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துவிட்டு வரலாம்.

வற்றிய கிணறு

கிளீவ்லாந்துக்கு வருவோம். சிகரெட் வரியின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று இதற்குள் நீங்களே யூகித்திருப்பீர்கள். ஜனங்கள் சிகரெட்டை விட ஆரம்பித்தார்கள். நல்லதுதான், ஊரில் எந்தத் தாயார், எந்த மனைவி அதற்குச் சந்தோஷப்பட மாட்டாள்? ஆனால் வரும்படி வருஷா வருஷம் இறங்கியது. 2015-இல் வரியை இன்னும் பத்து வருஷத்துக்கு நீட்டி ஜனங்கள் வோட்டுப் போட்டார்கள். நீட்டி என்ன? கிணற்றில் ஊற்றுக் குறைந்து கொண்டே இருந்தது. இரண்டு கோடியை ஒட்டி ஆரம்பித்த வரும்படி, 2023 வாக்கில் ஏறக்குறையப் பாதியாகி விட்டது. இதற்குள் விலைவாசி ஏறியது. கேட்டு வருகிறவர்களும் பெருகினார்கள். அதுவரை கொடுத்த மானியம் மொத்தம் 20 கோடி டாலருக்கு மேல். வாங்கிய அமைப்புகள் நானூறுக்கு மேல். இவ்வளவு பேருக்கும் இலையைப் போட்டுவிட்டுச் சோற்றைக் குறைத்தால் என்ன ஆகும்?

வேறு ஊற்றுத் தோண்டலாமே என்று தோன்றும். தோண்ட அவர்களுக்குச் சுதந்திரம் கிடையாது. எதன் மேல் வரி போடலாம் என்பதை மாநிலச் சட்டம் தீர்மானிக்கிறது.  ஆகவே அதே கிணற்றில் இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். 2024 நவம்பரில் மறுபடி வோட்டு. சிகரெட்டுக்கு ஒன்றரை சென்ட்டாக இருந்தது மூன்றரை சென்ட்டாயிற்று. பெட்டிக்கு முப்பது, எழுபதாயிற்று. ஜனங்கள் தாராளமாகவே சம்மதித்தார்கள். பத்து வருஷத்துக்கு.

இப்போதைக்கு மூச்சு விடலாம். ஆனால் பெட்டிக்கு நாற்பது சென்ட் ஏறினால், இன்னும் கொஞ்சம் பேர் அந்தப் பழக்கத்தை விடத்தானே செய்வார்கள்?

இவ்வளவையும் நான் மாமியிடம் போய்ச் சொன்னேன். மாமி முறத்தில் புளியைப் பரப்பிக் கொட்டை எடுத்துக் கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, "கணக்குப் போடு" என்றார். "எங்காத்து மாப்பிள்ளை நாளைக்கு ஒரு பெட்டி."

பழைய வரிப்படி வருஷத்துக்கு நூற்று ஒன்பதரை டாலர். புது வரிப்படி இருநூற்று ஐம்பத்தைந்தரை டாலர். சொன்னேன்.

மாமியின் கை நின்றது. "அவர் போன மாசம் விட்டுட்டாராண்டி. நேத்திக்குத்தான் பெண் போன் பண்ணினா. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சுட்டு வந்திருக்கேன்."

"ரொம்ப நல்ல சமாசாரம், மாமி!"

"நல்ல சமாசாரந்தான்" என்றார் மாமி. மறுபடி புளியைக் கையில் எடுத்துக்கொண்டார். "அப்போ அந்த இருநூத்தி ஐம்பத்தஞ்சரை டாலரை இனிமே யார் கொடுப்பா?"